பத்தே நாள்

போன மாதம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு முறையும் கண்ணாடி வழியாக ஒரு முறையும் பார்த்துவிட்டு, "வெள்ளைச் சோற்றைக் குறைச்சுக்கோங்க பாட்டி. பார்லி கலந்து பொங்குங்க" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதே மருந்தை 1960களில் ஒருவர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவர் டாக்டர் இல்லை, நாட்டை ஆண்ட ராணுவ ஜெனரல். எனக்கு மட்டுமல்ல, நாடு முழுவதற்குமே எழுதிக் கொடுத்தார்.

சியோலில் இன்று பார்லிச் சோறு போடும் கடைகளுக்கு ஞாயிறு மதியம் வரிசையில் நிற்க வேண்டும். பித்தளைக் கிண்ணத்தில் சோறு, சுற்றிலும் ஏழெட்டு வகைக் கீரை, ஓரத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய். என் மகள் சாப்பிடுவதற்கு முன் அதைப் படம் பிடிப்பாள். நான் என்றைக்கும் மறக்க விரும்பிய ஒரு தட்டை இப்படி வெளிச்சம் பார்த்துத் திருப்பித் திருப்பிப் படம் பிடிப்பதைக் காணும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் கீரையைக் கிளறிக்கொண்டிருப்பேன். எங்களோடு போரியும் வரும். கொரிய மொழியில் போரி என்றால் பார்லி. அது அவளுடைய நாயின் பெயர். குழந்தைகளை வைத்துத் தள்ளுவதைப் போன்ற வண்டியில் மெத்தை போட்டு உட்கார வைத்துத்தான் அதைக் கூட்டி வருவாள். 2023இல் குழந்தை வண்டிகளைவிட நாய் வண்டிகள்தான் அதிகம் விற்றன என்று இங்கே ஓர் இணையக் கடை கணக்குச் சொன்னது. எதிர்ப்படும் பெண்கள் குனிந்து, "எத்தனை மாசம்?" என்று கேட்பார்கள்.

எங்கள் பள்ளியில் மதிய மணி அடித்ததும் யாரும் சாப்பிட்டுவிட முடியாது. தகர டப்பாவின் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆசிரியர் வரிசை வரிசையாக வந்து ஒவ்வொருவர் சோற்றையும் குனிந்து பார்ப்பார். நாட்டில் அரிசி போதவில்லை, ஆகவே சோற்றில் பார்லியோ வேறு தானியமோ கலந்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. 1969இலிருந்து புதனும் சனியும் அரிசி இல்லாத நாட்கள் வேறு. அன்று பகலில் ஹோட்டலுக்குப் போனால் நூடுல்ஸ் தின்னலாம், மாவுப் பண்டம் தின்னலாம், சோறு கேட்கக் கூடாது.

என் டப்பாவில் அரிசிக் கலப்படமே கிடையாது. முழுக்கப் பார்லி. ஒரு நாள் ஆசிரியர் அதை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே காட்டி, நாட்டுப்பற்று என்றால் இதுதான் என்றார். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அரிசி வாங்கக் காசிருந்தா நானும் துரோகியாத்தான் இருப்பேன்" என்றாள்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் வசதியான வீட்டுப் பெண். மணி அடிக்கச் சற்று முன்னால் என் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி பார்லியை எடுத்துத் தன் வெள்ளைச் சோற்றின் மேல் பரப்பிக்கொள்வாள். வாடகை அரை முட்டை. ஆசிரியர் தாண்டிப் போனதும் பார்லியை ஒரு பருக்கை விடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மிகவும் நேர்மையானவள்.

சென்ற வருடத்து நெல் தீர்ந்து, இந்த வருடத்துப் பார்லி இன்னும் முற்றாத வசந்த காலத்துக்கு எங்கள் ஊரில் 'பார்லி மேடு' என்று பெயர். மலைமேட்டை ஏறிக் கடப்பதைப் போல அந்தச் சில வாரங்களைக் கடக்க வேண்டும். ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டவர்களும் உண்டு. பூக்கள் பூக்கிற காலம் அது. இன்றைக்கும் செர்ரிப் பூவைப் பார்த்தால் எனக்குப் பசிக்கும்.

1970களில் அரசு ஒரு புதிய நெல்லைக் கொண்டுவந்தது. பிலிப்பைன்ஸிலிருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகம். விளைச்சல் அமோகம். 1977வாக்கில் நாட்டில் அரிசிப் பஞ்சம் தீர்ந்து, அதுவரை தடை செய்திருந்த அரிசிக் கள்ளை மறுபடி செய்துகொள்ளக்கூட அனுமதி தந்தார்கள். அந்த நெல்லுக்கு வைத்த பெயர் 'தோங்கில்'. இரு கொரியாக்களும் ஒன்றிணைவதைக் குறிக்கும் அதே சொல். ஒரே ஒரு குறைதான். எங்களுக்குச் சோறு என்றால் ஒட்ட வேண்டும், குச்சியில் எடுத்தால் ஒரு கவளமாக வர வேண்டும். ஒன்றிணைப்புச் சோறோ ஒட்டவே ஒட்டாது. ஒவ்வொரு பருக்கையும் தன் வழியே போகும்.

இப்போது பாடம் தலைகீழ். 1970இல் ஆளுக்கு ஆண்டுக்கு 136 கிலோ அரிசி தின்றோம். 2023இல் 56 கிலோ. வயலில் நெல்லை விட்டு வேறு பயிர் வைத்தால் அரசு பணம் தருகிறது. ஆகஸ்ட் 18ஐ அரிசி தினமென்று அறிவித்து, தயவுசெய்து சோறு தின்னுங்கள் என்று விளம்பரம் போடுகிறது. விளம்பரம் வரும் நேரம் நான் டாக்டர் சொன்ன பார்லியை ஊற வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஆட்சி வந்தாலும் என் தட்டு எதிர்க்கட்சிதான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதெல்லாம் விளங்காது. அவர் கேசோங்கை ஒட்டிய கேபுங் பகுதிக்காரர். 1945இல் வல்லரசுகள் 38ஆம் அட்சக்கோட்டில் நாட்டைக் கிழித்தபோது கேசோங் கோட்டுக்குத் தெற்கே விழுந்தது. தப்பித்தோம் என்றார்கள் ஊரார். பிறகு 1950 ஜூனில் போர். மூன்று ஆண்டு மாறி மாறி அடித்துக்கொண்டு, 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது புதுக் கோடு வேறு பக்கமாக ஓடியது. கேசோங் வடக்கு. அட்சக்கோட்டுக் கணக்கில் ஊர் இம்மியும் நகரவில்லை.

1951 ஜனவரியில் சீனப் படை இறங்கி வருகிறது என்று எல்லோரும் ஓடியபோது அப்பாவுக்கு இருபத்து மூன்று வயது. பாட்டி வர மறுத்துவிட்டாள். குளிர்காலத்துக்குப் போட்ட கிம்ச்சி ஊறுகாய்ப் பானைகள் கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்தன. "எல்லாரும் போயிட்டா இதை யார் திங்கிறது? பத்தே நாள்தானே, நீ போயிட்டு வா" என்றாள். அப்பா படகேறிக் கங்ஹ்வா தீவுக்கு வந்தார். கரையில் நின்றால் சொந்த ஊர்க் குன்று தெரியும். பத்து நாள் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, சரி, இன்னொரு பத்து நாள் என்று தெற்கே நகர்ந்தார், பிறகு சியோல் வந்து சேர்ந்தார்.

அந்தப் பத்து நாளில்தான் எங்கள் குடும்பம் நடந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டார், அக்கா பிறந்தாள், 1956இல் நான், பிறகு தம்பி. ஆனால் நிலைத்து நிற்கிற எதையும் அப்பா வாங்க மாட்டார். ஊரில் அத்தனை பானை மண்ணுக்குள் இருக்கும்போது இங்கே எதற்குப் பானை என்பார். அம்மா எட்டு ஆண்டு பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக் கிம்ச்சி போட்டாள். வீடும் சோங்கேசோன் ஓடைக்கரையில் தண்ணீர்ப் பக்கம் கால் ஊன்றிய பலகைக் கொட்டகை. கூரைக்குத் தார்த்தாள், சுவருக்கு அமெரிக்கப் பெட்டிகளின் பலகை. ஓடையைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். கீழே குனிந்தால் வீடும் கழிப்பறையும் ஒன்றே.

அந்த நாற்றத்தை அரசு கான்கிரீட் போட்டு மூடியது. மூடியதன் மேலே உயரச் சாலை கட்டியது. அது முன்னேற்றம். பிறகு சாலையை இடித்து, கான்கிரீட்டைப் பெயர்த்து, 2005இல் தெளிந்த தண்ணீர் விட்டு ஓடையைத் திறந்தது. அதுவும் முன்னேற்றம். சில ஆண்டு கழித்துக் கரையில் எங்கள் கொட்டகையைப் போலவே ஒன்றைக் கட்டி, உள்ளே பழைய சீருடை, கரி உருண்டை, தகர டப்பா எல்லாம் வைத்துக் காட்சிக்கு விட்டார்கள். அக்காவும் நானும் போனோம். பள்ளிப் பிள்ளைகள் சீருடையை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல பலகை. நமக்கு இது கிடைக்கல" என்றாள்.

நம்டேமுன் சந்தையில் அன்று ஒரு கஞ்சி விற்றார்கள். அமெரிக்க முகாம்களின் சாப்பாட்டுக் கூடங்களில் மிஞ்சியதை வாங்கி வந்து, பெரிய அண்டாவில் கொட்டிக் காய்ச்சியது. கிண்ணம் 5 வொன். பெயர் பன்றிக் கஞ்சி. உள்ளே பன்றி இருக்கும் என்பதால் அல்ல, நியாயமாகப் பன்றிக்குப் போக வேண்டியது என்பதால். நல்ல நாளில் ஹாம் துண்டு அகப்படும். மற்ற நாளில் பல்குச்சி, சிகரெட் துண்டு. அக்காவுக்கு ஒரு முறை முழு சாசேஜே கிடைத்தது. ஒரு முனையில் யாரோ கடித்த பல் அச்சு இருந்தது. அந்த முனையை எனக்குக் கொடுத்தாள். அக்கா என்ற முறையில் அவளுக்கு உரிமை இருந்தது.

அந்தக் கஞ்சி வரிசையைப் பார்த்து மனம் பொறுக்காத ஒருவர் ஜப்பானிலிருந்து இயந்திரம் வரவழைத்து, 1963 செப்டம்பரில் பாக்கெட் 10 வொன் விலையில் ராம்யோன் என்ற நூடுல்ஸ் போட்டார். முதலில் துணியோ நூலோ என்று நினைத்து ஜனங்கள் தொடவில்லை. இன்று உலகமெங்கும் பிள்ளைகள் மூக்கு ஒழுகக் கண் கலங்கச் சவால் விட்டுத் தின்கிறார்களே, அந்த நெருப்பு நூடுல்ஸ், அவருடைய அதே சம்யாங் கம்பெனியின் சரக்குதான். நாங்கள் கிடைக்காமல் அழுதோம்.

முகாமிலிருந்து கள்ளத்தனமாக வந்த இன்னொரு சரக்கு ஸ்பாம் என்ற டின் இறைச்சி. அறுவடைத் திருநாளான சூசோக்குக்கு மகளின் கம்பெனி அவளுக்குப் பட்டுத்துணி சுற்றிய பெட்டியில் அதே ஸ்பாமை அடுக்கிப் பரிசாகத் தருகிறது. அவள் தொட மாட்டாள், உப்பு அதிகமாம். டின்கள் என் வீட்டுக்கு வந்துவிடும். டாக்டரிடம் நான் சொல்வதில்லை.

குடும்பத்தில் முதலில் அமெரிக்கா போனது அம்மாவின் கூந்தல். நாட்டில் ஏற்றுமதி செய்ய வேறொன்றும் பெரிதாக இல்லாத காலம். தெருவில் கூவிக்கொண்டு வருபவர்களிடம் பெண்கள் முடியை அறுத்துக் கொடுப்பார்கள். அது விக் ஆகிக் கப்பலேறும். இரண்டாவதாக ஏற்றுமதிக்குப் போனது அக்காவின் கண்பார்வை என்று வேண்டுமானால் சொல்லலாம். பதினான்கு வயதில் அவள் பியோங்ஹ்வா சந்தையில் தையல்காரிக்கு எடுபிடியாகச் சேர்ந்தாள். பியோங்ஹ்வா என்றால் அமைதி. வடக்கிலிருந்து வந்த வியாபாரிகள் 1962இல் கட்டிய சந்தை. சமாதானமாக ஊர் திரும்பலாம் என்ற ஆசையில் வைத்த பெயர். ஒரு தளத்தைக் குறுக்கே பலகை போட்டு இரண்டாக்கியிருந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத பரண். காலையில் குனிந்து நுழைந்தால் இரவில்தான் வெளிச்சம். நூல் தூசி. 1970 நவம்பர் 13 அன்று அதே சந்தையின் துணி வெட்டுபவர் ஜோன் தே-இல், தொழிலாளர் சட்டப் புத்தகத்தோடு தன் மேல் தீ வைத்துக்கொண்டார். வயது இருபத்திரண்டு. அக்கா அன்று பரணில் இருந்தாள். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. இப்போது ஓடைப் பாலத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா அதன் தோளில் படிந்த தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிடுவாள், நூல் தூசியைத் தட்டுவதைப் போல.

அந்த 1970 வசந்தத்திலேயே எங்கள் கொட்டகையை இடித்துவிட்டார்கள். குடும்பங்களை லாரியில் ஏற்றி, நகருக்குத் தெற்கே ஒரு மொட்டைக் குன்றில் இறக்கினார்கள். தண்ணீர் இல்லை, வேலை இல்லை, கூடாரம் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜனங்கள் பொறுக்க மாட்டாமல் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள். அந்தக் குன்றுதான் இன்றைய சோங்னம் நகரம். அதன் ஒரு பகுதியான பாங்கியோவில் இப்போது கணினிக் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன.

சொல்ல வந்தது லாரிப் பயணத்தைப் பற்றி. ஹான் ஆற்றைத் தாண்டியதும் ஒரே சேறு. பேரிக்காய்த் தோப்பு, முட்டைக்கோஸ் வயல், எருக் குழி. பெண்டாட்டி இல்லாமல் வாழலாம், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வாழ முடியாது என்று அப்படிப்பட்ட இடங்களைப் பற்றிச் சொல்வார்கள். லாரி ஓட்டுநர், இங்கே நிலம் மலிவு, கொஞ்சம் வாங்கிப் போடுங்களேன் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சுற்றிலும் பார்த்து, "இந்தச் சேத்துல யார்யா குடியிருப்பான்?" என்று சிரித்தார். பிறகு, "அதுவும் பத்து நாளைக்கு" என்றார். அந்த இடத்தின் பெயர் கங்னம். உலகமே அந்தப் பெயரில் குதிரை ஆட்டம் ஆடியபோது எங்கள் வீட்டில் மட்டும் யாரும் ஆடவில்லை.

1968 டிசம்பரில் தேசியக் கல்விச் சாசனம் என்று ஒன்றை அறிவித்தார்கள். பள்ளியில் அதை மனப்பாடமாக ஒப்பிக்காதவர் வீட்டுக்குப் போக முடியாது. நாங்கள் இந்த மண்ணில் பிறந்ததே பெரியதொரு வரலாற்றுக் கடமையைச் சுமக்கத்தான் என்று அது தொடங்கும். ஒப்பித்துவிட்டு வெளியே வந்தால் சுகாதார நிலையச் சுவரில் வேறொரு வாசகம்: கண்மூடித்தனமாகப் பெற்றுக்கொண்டே போனால் பிச்சைதான் எடுக்க வேண்டும். வகுப்புக்குள் நான் வரலாற்றுக் கடமை, வாசலில் பிச்சைக்குக் காரணம். 1960இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தை. பிறகு, ஆணோ பெண்ணோ இரண்டோடு போதும் என்றார்கள். அதற்கும் பிறகு, நன்றாக வளர்த்த ஒரு பெண் பத்து ஆணுக்குச் சமம் என்றார்கள்.

எங்களுக்கு 1981இல் மகள் பிறந்தாள். இரண்டு வருடம் கழித்து என் கணவர் ரிசர்வ் படைப் பயிற்சிக்குப் போனார். வெயிலில் நின்று கொண்டிருந்தவர்களிடம் ஓர் அதிகாரி வந்து, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குச் சம்மதிப்பவர்கள் வண்டியில் ஏறலாம், மிச்சப் பயிற்சி தள்ளுபடி என்றாராம். என் கணவர் முதல் வண்டியில் ஏறினார். நாட்டுக்காகவா வெயிலுக்காகவா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஆபரேஷன் சான்றிதழ் இருந்தால் அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டுக்கு அன்று முன்னுரிமையும் உண்டு. அப்படி நிரம்பிய கட்டடங்களுக்கு ஊர் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது; அரண்மனை அந்தப்புரக் காவலர்களோடு தொடர்புடையது.

2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. பெற்றால் இருபது லட்சம் வொன், இரண்டாவது பெற்றால் இன்னும் அதிகம். அன்று போட்ட கட்டை அவிழ்த்துவிடும் ஆபரேஷனுக்கு இப்போது காப்பீடே உண்டு. செய்தியைப் படித்துவிட்டு என் கணவர் நாளிதழை மடித்து வைத்தார். "எழுபத்திரண்டு வயசு ஆச்சு. மறுபடி கூப்பிட்டா வண்டி அனுப்புவாங்களா?" என்றார். மகளிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அவள் போரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். அதுவே பதில்.

என் வயிற்றுக்குள் இருப்பதன் மீது அரசு காட்டிய அக்கறைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு முறை சிறு காகித உறை தருவார்கள். பெயர், வகுப்பு, வரிசை எண் எழுதி, மறுநாள் காலை மலத்தை அதில் வைத்து எடுத்து வர வேண்டும். கொண்டு வராவிட்டால் அடி. வராத பிள்ளைகள் வழியில் நின்று நண்பர்களிடம் கடன் கேட்பார்கள். தம்பி ஒரு முறை நாயினுடையதைக் கொடுத்துவிட்டு, வகுப்பிலேயே அதிக வகைப் புழு உடையவன் என்று பெயர் வாங்கி, கை நிறைய மாத்திரையோடு வந்தான். இதே தம்பிதான் 1970இல் எலி ஒழிப்பு நாளுக்கு வால் கேட்டபோது, கணவாயின் காலைத் தோலுரித்துச் சாம்பலில் புரட்டிக் கொண்டுபோனவன். 1971இல் எடுத்த முதல் தேசியக் கணக்கில் 84.3 விழுக்காட்டினர் வயிற்றில் புழு முட்டை. நாயை வைத்து எண்ணிக்கையைக் கூட்டியதில் எங்கள் வீட்டுக்கும் பங்குண்டு.

அந்தப் புழுக்களை நாடு ஒழித்துவிட்டது, பெரிய சாதனை. ஆனால் உறை நிற்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் குடல் புற்றுநோய்ச் சோதனைக்கென்று ஆண்டுதோறும் காப்பீட்டு அலுவலகம் எனக்கு நினைவூட்டுகிறது. காகிதத்துக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் குப்பி.

பள்ளி நாட்களில் வடக்கிலிருந்து பலூனில் துண்டறிக்கை வந்து விழும். எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தால் பென்சில் தருவார்கள். எங்கள் வீட்டில் எழுதும் சாமான் எல்லாமே வடக்குத் தலைவரின் உபயம்தான். 2024 மே மாதம் தொடங்கி மறுபடி பலூன் வந்தது, இந்த முறை ஆயிரக்கணக்கில். இங்கிருந்து சிலர் அறிக்கைகளைப் பறக்கவிட்டதற்குப் பதிலாம். உள்ளே கிழிந்த துணி, சிகரெட் துண்டு, எரு. கைபேசி அலறியது, தொடாதீர்கள் என்று. அந்த எருவைச் சோதித்த அரசு, அதில் உருளைப்புழு, சாட்டைப்புழு எல்லாம் இருப்பதாக அறிவித்தது. நான் தம்பிக்குப் போன் செய்தேன். "நம்ம பசங்க வந்திருக்காங்க" என்றேன்.

1983இல் தொலைக்காட்சியில் வண்ணம் வந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்பே நாங்கள் வண்ணப் பெட்டி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆனால் உள்ளூரில் ஆடம்பரம் என்று கறுப்பு வெள்ளைதான். அந்த ஜூன் 30 அன்று கேபிஎஸ் நிலையம் போரில் பிரிந்தவர்களைத் தேடும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஓரிரு மணி நேரம் என்று நினைத்துத் தொடங்கியது 138 நாட்களில் 453 மணி 45 நிமிடம் ஓடியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. யோயிடோவில் நிலையத்தின் சுவர், நடைபாதை, மரம் எங்கும் அட்டைகள். பெயர், ஊர், பிரிந்த இடம், கழுத்தில் மச்சம்.

அப்பாவுக்குத் தெற்கில் தேட யாருமே இல்லை. இருந்தாலும் அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் போய் நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன். "பாட்டி வடக்குல இருக்காங்கப்பா. அவங்க எப்படி இங்க வருவாங்க?" என்றேன். அப்பா என்னை மடச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கிம்ச்சி தீந்துபோயிருந்தா கிளம்பி வந்திருப்பா இல்ல?"

2000க்குப் பிறகு இரு அரசுகளும் சேர்ந்து சந்திப்புகள் நடத்தியபோது விண்ணப்பித்தார். கணினிக் குலுக்கலில் ஒரு முறைகூட அவர் பெயர் வரவில்லை. மொத்தம் பதிவு செய்தவர்கள் 1,30,000க்கும் மேல். ஒரு தடவைக்கு நூறு பேர். கேசோங் வியாபாரப் பரம்பரையில் வந்தவர், அவரே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். கடைசிச் சந்திப்பு 2018இல் நடந்தது. பதிவு செய்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் நாற்பதாயிரத்துக்கும் குறைவு.

ஆனால் அப்பா ஊருக்குப் போனார். உண்மையாகவே. 2007 டிசம்பரில் கேசோங்குக்கு ஒரு நாள் சுற்றுலா தொடங்கினார்கள். காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். ஆளுக்கு 1,80,000 வொன். "சொந்த ஊருக்குப் போக டிக்கெட்டா?" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். பதினெட்டாயிரம் பாக்கெட் ராம்யோன், 1963 விலையில். பிறகு பதிவு செய்யும் இடத்தில், "உள்ளூர்க்காரனுக்குத் தள்ளுபடி உண்டா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, இல்லை தாத்தா என்றாள்.

2008 அக்டோபரில் போனோம். கைபேசி, செய்தித்தாள் எல்லாம் இந்தப் பக்கமே வாங்கி வைத்துவிட்டார்கள். கழுத்தில் சுற்றுலா அட்டை. சியோலிலிருந்து எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. அப்பா ஜன்னலோரம். பேருந்திலிருந்து படம் எடுக்கக் கூடாது என்றார்கள். அவரிடம் காமிராவே இல்லை. பாக்யோன் அருவிக்கு அழைத்துப் போனார்கள். சோன்ஜுக் பாலத்தைக் காட்டி, கொரியோ அரச வம்சத்துக்கு விசுவாசமாக இருந்த அமைச்சர் 1392இல் இங்கே கொல்லப்பட்டார், கல்லில் ரத்தக் கறை பாருங்கள் என்றார் வழிகாட்டி. அப்பாவுக்கு அது சின்ன வயதில் விளையாடிய பாலம். எங்கள் ஊர்க்காரர்கள் பகையை லேசில் விடமாட்டார்கள். கொரியோவைக் கவிழ்த்த தளபதி ஈ சோங்-கேயின் கழுத்தை நெரிப்பதாக நினைத்துக்கொண்டு இன்றும் புத்தாண்டு சூப்பில் போடும் அரிசிக் கொழுக்கட்டையை நடுவில் இறுக்கி இடுப்பு ஒடுங்கச் செய்வார்கள். அறுநூறு ஆண்டு ஆகியும் விடவில்லை என்னும்போது ஐம்பத்தேழு எந்த மூலைக்கு?

மதியம் பித்தளைக் கிண்ணங்களில் பதின்மூன்று வகைச் சாப்பாடு. அப்பா முதலில் கிம்ச்சியை எடுத்தார். மெதுவாக மென்றார். மேசையில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வழிகாட்டிப் பெண்ணும் கண் கலங்கத் தயாராகத்தான் நின்றாள்.

"உப்பு பத்தல" என்றார்.

அவருடைய கிராமம் சுற்றுலாத் திட்டத்தில் இல்லை. வழிகாட்டியிடம் கேட்டார். மரியாதையாகத் தலையசைத்து, அடுத்த முறை பார்க்கலாம் ஐயா என்றாள். சாயங்காலம் எல்லைச் சோதனை முடித்துப் பேருந்து தெற்கே திரும்பியதும், வசந்தத்தில் இன்னொரு முறை வரலாம், அப்போது விலை குறையும் என்றார். நவம்பர் கடைசியில் சுற்றுலாவை நிறுத்திவிட்டார்கள். அப்பா 2013இல் போனார். வடக்கைப் பார்த்த சரிவில் அவருக்கு ஒரு குழி இருந்தது. எங்களுக்குத் தெரியாமல் அவரே பல வருடம் முன்பு வாங்கிப் போட்டது. வாழ்நாளில் அவர் வாங்கிய ஒரே நிலம். சேறு இல்லை.

போன குளிர்காலம் மகள் எங்களை ஏகிபோங் குன்றுக்கு அழைத்துப் போனாள். கிம்போவின் விளிம்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் 1.4 கிலோமீட்டரில் கேபுங். 2024 நவம்பரில் அங்கே ஸ்டார்பக்ஸ் திறந்திருக்கிறார்கள். ராணுவச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போக வேண்டும். உள்ளே நல்ல கூட்டம். ஜன்னலோர இருக்கைக்கு இளைஞர்கள் காத்து நின்றார்கள். மகள் அந்தக் குளிரிலும் ஐஸ் போட்ட அமெரிக்கானோ வாங்கிக்கொண்டு, கோப்பையை ஜன்னலுக்கு நேரே உயர்த்தி, பின்னால் வட கொரியா விழும்படி படம் எடுத்தாள்.

அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே தொலைநோக்கி இருந்தது. நான் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். வரிசையாக வெள்ளை வீடுகள். மொட்டைக் குன்று. ஒரு மாடு. முற்றத்தில் யாரோ குனிந்திருக்கிறார்கள்.

"குனிஞ்சு என்ன செய்றாங்க?"

"தெரியல. தோண்டுற மாதிரி இருக்கு."

"பானையா?"

"இவ்வளவு தூரத்துல எப்படித் தெரியும்?"

உள்ளே வந்து உட்கார்ந்தோம். அக்கா விலைப் பட்டியலை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். உதடு அசைந்தது, ராம்யோன் கணக்கில் மாற்றிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு கைப்பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துத் திறந்தாள். வறுத்த பார்லித் தண்ணீரின் மணம் மேசையைத் தாண்டிப் போயிற்று. பக்கத்து மேசைப் பையன் திரும்பிப் பார்த்தான்.

"பெரியம்மா, வெளிப் பானம் இங்க கூடாது" என்று மகள் கிசுகிசுத்தாள்.

அக்கா ஃபிளாஸ்க்கை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள். மகளின் கோப்பை காலியாகும்வரை காத்திருந்து, ஐஸைக் கீழே கொட்டிவிட்டு, அதில் ஊற்றி என் பக்கம் தள்ளினாள். கடைப் பெண் எங்கள் வரிசைக்கு வந்து மேசை மேசையாகத் துடைத்துக்கொண்டே நெருங்கினாள். நான் கோப்பையின் மூடியை அழுத்தி மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.